ஹென்லி வீதி வீடு: ஆவணமும் ஐதிகமும்

சென்ற ஆண்டின் மூன்றாந் தவணையில், ஆங்கில ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால், வரலாறு கற்பிக்கும் யான் சில நாட்கள் அவர் வகுப்பையும் ஏற்க நேர்ந்தது. அன்றைய பாடம் சேக்ஸ்பியரின் வாழ்க்கைக் குறிப்பு. பாடத்தின் தலைப்பிலே, கருமையான மரச்சட்டங்களும் அவற்றிடையே வெளிறிய சுவர்த் துண்டுகளுமாக ஒரு நீண்ட வீட்டின் படம்; அதன் கீழே, கவிஞர் பிறந்த இல்லம் என்ற குறிப்பு. பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இந்த வீட்டிலேதான் பிறந்தார் என்பதற்குச் சான்று என்ன?" என்று வினவினான். "பிரித்தானியப் பாராளுமன்றமே சட்டம் இயற்றிக் காத்துவரும் வீடு, அதற்கு மேலும் சான்று வேண்டுமோ?" என்று கூறி அவனை இருத்திவிட்டேன். வகுப்புச் சிரித்தது, மணியும் அடித்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. சட்டம் ஒரு கட்டடத்தைக் காக்கும். ஒரு செய்தியை மெய்யாக்க வல்லதோ? ஆதாரம் காட்டுக என்று நாடோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் ஒருவன், ஆதாரம் கேட்ட மாணவனை அதிகாரத்தைக் காட்டி அடக்கிவிட்டேன். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வோரிக்சயரிலே, ஏவன் ஆற்றங்கரையில் அமைந்தது ஸ்ராற்போட் என்னும் சந்தை நகர். அந்நகரிலிருந்து வடமேற்கே செல்லும் பாதையின் தொடக்கமே ஹென்லி வீதி. 16ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்திலே வீடு கட்டுவார்க்குக் கருங்கல்லினும் மரமே எளிதிற் கிடைத்தது. ஆடன் வனத்து ஓக் மரங்களைத் தறித்து, ஈரங் காயுமுன்னரே செதுக்கித் தூண்களும் உத்தரங்களும் குறுக்குச் சட்டங்களும் செய்வர். தச்சர் அவற்றைத் தம் பட்டடையிலேயே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலும் அடையாளம் வெட்டி, மீண்டுங் கழற்றி, வண்டியில் ஏற்றிச் சென்று மனையிலே நிறுத்துவர். இரும்பாணி இல்லை, ஓக் முளைகளே பொருத்துக்களை இறுக்கும். தாழ்ந்த கல் அத்திவாரத்தின் மேல் இச்சட்டகம் நின்றபின், இடைவெளிகளை நிரப்பவேண்டும். நம்மவர் மண்வீட்டுச் சுவருக்கு வரிச்சுக் கட்டி மண் அப்புவது போலவே, அவர்களும் மெல்லிய கோல்களைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர்.

இவ்வமைப்பைச் சற்று விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. இத்தகைய வீட்டிலே பாரத்தைத் தாங்குவது சட்டகமே. சுவர் வெறும் மறைப்பு. ஆகவே சுவரை இடித்துக் கதவு வைக்கலாம். இரு வீடுகளை ஒன்றாக்கலாம். ஒன்றை மூன்றாகப் பிரிக்கலாம். முகப்பிலே செங்கல்லால் புதிய சட்டை போர்த்தலாம். எலும்புக்கூடு அப்படியே நிற்க, முகம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஹென்லி வீதி வீட்டின் நானூறாண்டு வரலாற்றிலே இவை யாவும் நிகழ்ந்தன.

கவிஞரின் தந்தையார் ஜோன் சேக்ஸ்பியர் அயற் கிராமமாகிய ஸ்னிற்றர்பீல்ட்டிலிருந்து நகருக்கு வந்து, மென்தோல் பதனிட்டுக் கையுறை செய்யுந் தொழிலை நடத்தியவர். நகர ஆவணங்களிலே அவர் பெயர் முதன்முதல் தோன்றுவது பெருமைக்குரிய ஒரு செயலுக்காகவன்று. 1552ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, ஹென்லி வீதியில் அனுமதியின்றிக் குப்பைமேடு எழுப்பியமைக்காக அவருக்கும் அயலவர் இருவருக்கும் ஆளுக்கு ஒரு சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. உலகப் பெருங்கவியின் குடும்பத்தை அவ்வீதியோடு பிணைக்கும் முதற் சான்று ஒரு குப்பைமேடு! வரலாறு எழுதுவோர் இதனைக் கண்டு நாணுதல் வேண்டா. புகழுரைகள் பொய்க்கலாம், தண்டப் பதிவேடு பொய்க்கக் காரணமில்லை. 1552இல் ஜோன் அவ்வீதியிலே வாழ்ந்தார் என்பது இதனால் ஐயத்திற்கிடமின்றித் துணியப்படுகின்றது.

அடுத்த சான்று 1556ஆம் ஆண்டினது. அவ்வாண்டு அவர் இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கினார். ஒன்று ஹென்லி வீதியிலே தோட்டத்தோடு கூடியது, மற்றையது கிறீன்ஹில் வீதியிலே உள்ளது. இதன்பின் மேரி ஆடன் என்னும் பெண்ணை மணந்தார். 1575இல் நாற்பது பவுண் கொடுத்து மேலும் இரு வீடுகளை வாங்கினார். ஆனால் அவ்விரு வீடுகளும் நகரின் எந்த வீதியிலே இருந்தன என்பதை அவ்வுறுதி கூறவில்லை. 1597இல் பாட்ஜர் என்னும் அயலவருக்கு, தம் காணியின் மேற்கெல்லையில் ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றை இரண்டு பவுண் பத்துச் சிலிங்குக்கு விற்றார்.

நிற்க. இன்று ஒரே வீடாகக் காட்சிதரும் கட்டடம், முன்னர் இரு வீடுகளாகக் கருதப்பட்டது. கிழக்குப் பகுதி தந்தையாரின் தொழிலிடம் என்றும், மேற்குப் பகுதி குடும்பம் வாழ்ந்த இல்லம் என்றும் வழிவழியாகக் கூறுவர். மேற்குப் பகுதியின் மேல்மாடி அறையே கவிஞர் பிறந்த அறையெனக் காட்டப்படுவது. ஆவணங்களை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோம். மேற்கெல்லை நிலத்தை 1597இல் விற்றார் என்றால், அப்பொழுது மேற்குப் பகுதி அவருக்கு உரியதாயிருந்தது என்பது பெறப்படும். அதனை எப்பொழுது வாங்கினார்? 1556இல் வாங்கிய வீடு கிழக்குப் பகுதி என்பதே பெரும்பாலோர் கொள்கை. மேற்குப் பகுதி 1575இல் வாங்கிய இரண்டினுள் ஒன்றாயின், கவிஞர் பிறந்த 1564இல் அது அவர் தந்தையாருக்குச் சொந்தமாயிருக்கவில்லை! சொந்தமாக்குவதற்கு முன்னரே வாடகைக்கு அதில் இருந்திருக்கலாம் என்று ஐதிகத்தை ஆதரிப்போர் விடை கூறுவர். 1552இலேயே அவ்வீதியில் வாழ்ந்தாராதலின் அஃது இயலாததன்று. இயலாததன்று என்பது வேறு. நிகழ்ந்தது என்பது வேறு.

ஆகவே நாம் துணிந்து கூறக்கூடியது இவ்வளவே: கவிஞர் ஹென்லி வீதியிலே, தந்தையாரின் மனையிலே பிறந்தார் என்பது மிக்க பொருத்தமுடையது, இன்ன அறையிலே பிறந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவுமில்லை. பிறந்த நாளின் நிலைமையும் இத்தகையதே. கோயிற் பதிவேட்டிலே காணப்படுவது 1564 ஏப்பிரில் 26ஆம் நாள் நடந்த ஞானஸ்நானம் மாத்திரமே. ஏப்பிரில் 23 என்று உலகம் கொண்டாடுவது பின்வந்தோர் கணிப்பு. அப்பதிவேடு தானும் 1600ஆம் ஆண்டளவிற் பெயர்த்தெழுதப்பட்ட படி. அவ்வாண்டுக் கோடையிலே நகரிற் கொள்ளைநோய் புகுந்து இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அந்த வீட்டிலே ஏற்கனவே இரு பெண் குழந்தைகள் இறந்திருந்தன. மூன்றாவதாகப் பிறந்த ஆண்மகவு பிழைத்தது. அந்த நாளிலே பிறந்த அறையை யார் குறித்து வைப்பார்?

ஜோன் 1568இலே நகரத் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். பின் கடன்பட்டு, மனைவியின் சீதனக் காணியையும் ஈடுவைத்துத் தாழ்ந்தார். எனினும் ஹென்லி வீதி வீட்டைக் கைவிட்டாரில்லை. 1594இலும் 1595இலும் நகரை எரித்த பெருந்தீக்களும் அதனைக் கொள்ளவில்லை. 1601இல் அவர் இறக்க, வீடு மூத்த மகனுக்கு உரியதாயிற்று. அவரோ இலண்டனில் ஈட்டிய பொருளால் நகரின் சிறந்த மாளிகைகளுள் ஒன்றாகிய நியூ பிளேசை 1597இலேயே வாங்கிவிட்டவர். எனவே பழைய வீட்டின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் அதனை விடுதியாக்கினார். இன்று உலகம் வணங்கும் வீட்டைப் பெருங்கவி தாமே ஒரு வருவாய்ச் சொத்தாகத்தான் நடத்தினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் ஒரு சிறு பகுதி அவர் தங்கை ஜோவானுக்கு விடப்பட்டிருந்தது. தொப்பி செய்யும் தொழிலாளியாகிய ஹாட் என்பவரை மணந்த அப்பெண்மணி, 1616ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஒரு கிழமைக்குள் கணவனையும் தமையனையும் இழந்தாள். தமையனாரின் மரண சாதனம் அவளை மறக்கவில்லை: ஆண்டுக்குப் பன்னிரண்டு பென்ஸ் மாத்திரம் வாடகை செலுத்தி, ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வாழலாம் என்று அதிலே எழுதப்பட்டுள்ளது. மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டிலை விட்டதைப் பற்றி நூறு நூல்கள் எழுதிய அறிஞர்கள், இந்தப் பன்னிரண்டு பென்சைப் பற்றி மிகுதியாக எழுதவில்லை. என் எண்ணத்திலே, வீட்டைக் காத்தது அந்தப் பன்னிரண்டு பென்சே. கவிஞரின் நேர்வழி மரபு 1670இலே பேத்தி எலிசபெத்தோடு அற்றது. அவள் வீட்டை ஜோவானின் பேரன் வழியாருக்கு எழுதிவைத்தாள். தங்கையின் சந்ததியார் வறுமையோடு போராடியும் 1806 வரை அதனை வைத்திருந்தனர். அவருள் ஒருவர் வீட்டின் மேற்குப் பகுதியிலே இறைச்சிக்கடை நடத்தினார். 1806இல் இருநூற்றுப் பத்துப் பவுணுக்கு அதனை வாங்கிய தோமஸ் கோட் என்பவரும் இறைச்சிக்கடைக்காரரே. கிழக்கே மதுவிடுதி, மேற்கே தொங்கும் இறைச்சி, நடுவே கவிஞர் பிறந்ததாகக் கூறப்படும் அறைக்கு ஏறும் படிகள். விடுதியின் முகப்பு அக்காலத்திலே செங்கல் போர்த்து, மரச்சட்டம் கண்ணுக்கு மறைந்து போயிற்று.

அங்ஙனமாயின் இவ்வீட்டைத் தேடி யாத்திரிகர் வரத்தொடங்கியது எவ்வாறு? நியூ பிளேஸ் மாளிகை அழிந்தமையே முதற் காரணம். கவிஞர் இறுதிக் காலத்தில் வாழ்ந்து உயிர்நீத்த அம்மாளிகையைப் பின்னர் வாங்கிய காஸ்றல் என்னும் மதகுரு, முற்றத்திலே கவிஞர் நட்டதாகக் கூறப்பட்ட முசுக்கட்டை மரத்தைக் காண வந்தோரின் தொல்லை பொறாது 1756இல் மரத்தைத் தறித்தார். நகர நிருவாகத்தோடு வரி வழக்கிட்டு 1759இல் மாளிகையையே இடித்துத் தரைமட்டமாக்கினார். இடம் ஒன்று போயிற்று, வணக்கமோ போகவில்லை. அது ஹென்லி வீதிக்குத் திரும்பியது. பத்தாண்டுகள் கழித்து, 1769 செப்டெம்பரிலே, நடிகர் டேவிட் கரிக் ஸ்ராற்போட்டில் மூன்று நாள் பெருவிழா எடுத்தார். மழை கொட்டி ஏவன் கரைபுரண்டது; கவிஞரின் ஒரு நாடகமேனும் அவ்விழாவில் நடிக்கப்படவில்லை. ஆனால் ஹென்லி வீதி வீட்டின் மேல்மாடிச் சாளரத்திலே, மேகத்தைக் கிழித்தெழும் ஞாயிற்றின் உருவெழுதிய திரைச்சீலை தொங்கியது. பிறந்த அறை இதுவே என்ற செய்தி ஊரெங்கும் நிலைபெற்றது அவ்விழாவினாலேயே. கவிஞர் பிறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் என்பதை நினைக.

வணக்கத்தோடு வணிகமும் வந்தது. தறித்த முசுக்கட்டை மரத்தின் கட்டைகளால் ஒரு கைவினைஞர் பேழைகளும் கிண்ணங்களுஞ் செய்து விற்றார். விற்ற பொருள்களை ஒன்றாக்கினால் ஒரு காடு எழும் என்று பிற்காலத்தார் நகைத்தனர். வீட்டின் அடுப்பங்கரையிலே கவிஞரின் நாற்காலி என்று ஒன்று இருந்தது. 1786இல் அமெரிக்கத் தலைவர்கள் ஜோன் அடம்சும் தோமஸ் ஜெபர்சனும் வந்து, வழக்கப்படி அதிலிருந்து ஒரு சிறாம்பைச் சீவிச் சென்றனர். அடம்ஸ் தம் நாட்குறிப்பிலே இதனை மறையாது எழுதியுள்ளார். 1790இல் போலந்து இளவரசி ஒருத்தி இருபது கினி கொடுத்து நாற்காலியையே கொண்டுபோய்விட்டாள். எனினும் 1815இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் சென்ற பொழுது அதே அடுப்பங்கரையிலே நாற்காலி இருந்தது! கவிஞர் மான் சுட்ட துப்பாக்கி, புகையிலைப் பெட்டி, ஹம்லெற்றாக நடித்தபோது அணிந்த வாள் ஆகியனவும் அவருக்குக் காட்டப்பட்டன.

அவற்றையெல்லாம் காட்டியவள் மேரி ஹோண்பி என்னும் வாடகைக் குடியிருப்பாளி. அவளுக்கும் வீட்டுக்காரிக்கும் வாடகை பற்றிப் பிணக்குண்டாகி, 1820இல் அவள் வெளியேற நேர்ந்தது. போகுமுன், பிறந்த அறையின் சுவரெங்கும் வந்தோர் எழுதிவைத்த பெயர்களை ஓரிரவிலே வெள்ளையடித்து மறைத்தாள். நினைவுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு அதே வீதியின் எதிர்ப்புறத்திலே கடை விரித்தாள். யாத்திரிகர் இப்பால் அறையையும் அப்பால் நாற்காலியையும் காண இருமுறை காசு கொடுக்கலாயினர். அவளைப் பழிப்பது எளிது. ஆனால் அந்த வீட்டிலே காண வந்தோரை வரவேற்று, அதனை ஒரு காட்சியிடமாக முதன்முதல் நடத்தியவர்களுள் அவளும் ஒருத்தி. நூதனசாலை என்னும் நிறுவனத்துக்கு எங்கும் இத்தகைய முன்னோர் உண்டு போலும்.

தோமஸ் கோட்டின் கைம்பெண் இறந்தபின், 1847 செப்டெம்பர் 16ஆம் நாள், வீடு இலண்டனிலே பகிரங்க ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கக் களரிகாட்டி பார்னம், வீட்டை வாங்கிக் கழற்றித் தம் நியூயோர்க் நூதனசாலைக்குக் கொண்டுபோக முயன்றதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அவர் கூற்றுக்களை முழுவதும் நம்புவதற்கில்லை. ஆயினும் மரச்சட்ட வீட்டைக் கழற்றுவது இயலாத காரியமன்று என்பதை மேலே கூறிய தச்சர் முறையால் அறியலாம். அவ்வச்சமே இங்கிலாந்தைத் தட்டி எழுப்பியது. ஸ்ராற்போட்டிலும் இலண்டனிலும் அமைந்த குழுக்கள் பொருள் திரட்டி, மூவாயிரம் பவுணுக்கு அதனை நாட்டின் பெயரால் வாங்கின. இருநூற்றுப் பத்துப் பவுண் வீடு நாற்பத்தோர் ஆண்டுகளில் மூவாயிரமாயிற்று. மறு ஆண்டு நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் நண்பருடன் நாடகங்கள் நடித்து, வீட்டின் காப்பாளர் பதவிக்கென நிதி சேர்த்தார்.

வாங்கிய வீடு பாழடைந்து கிடந்தது, திருத்தப் பணமில்லை. இந்நிலையிலே வந்து உதவியவர் வரலாறு நம்மனோர்க்குச் சுவை பயப்பது. அவர் பெயரும் ஜோன் சேக்ஸ்பியர். 1774இலே லெஸ்ரர்சயரில் ஒரு சிறு கமக்காரரின் மகனாகப் பிறந்து, அரபு மொழி கற்று, கிழக்கிந்தியக் கும்பனியின் படைமாணவர் பயின்ற அடிஸ்கம் கல்லூரியிலே இந்துஸ்தானி மொழிப் பேராசிரியராயிருந்தவர். அவர் இயற்றிய இந்துஸ்தானி இலக்கணமும் அகராதியும் இந்தியாவுக்குப் புறப்பட்ட இளைஞர் பலர்க்குக் கைந்நூல்கள். சிக்கனமாக வாழ்ந்து செல்வராகிய அவர், கவிஞர் தம் குலத்தவர் என்று நம்பி, 1856இல் இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண் வழங்கினார். ஆக, அவ்வோக் தூண்கள் இன்று நிமிர்ந்து நிற்பதற்கு இந்துஸ்தானி இலக்கணத்தின் ஊதியமும் ஒரு காரணம். அவர் 1858இல் இறந்தார். வீட்டிலே நூதனசாலை அமைக்கவென அவர் எழுதிவைத்த மரணக்கொடை சட்டப்படி செல்லாதென நீதிமன்றந் தீர்த்தது.

அவர் பணத்தைக் கொண்டு முதலிலே செய்தது இடித்தல். தீ பரவும் அச்சத்தால் இருபுறத்து வீடுகளையும் 1857இலே அகற்றி, நடுவே இவ்வீட்டைத் தனியே நிறுத்தினர். வரிசை வீடுகளுள் ஒன்றாயிருந்தது கோயில் போலத் தனித்து நின்றது. அடுத்து, முகத்தை மாற்றினர். லிச்பீல்ட் நகரத்து ரிச்சட் கிறீன் என்பவர் வரைந்து 1769இலே சஞ்சிகையொன்றில் வெளியான படமொன்று அகப்பட்டது; அதனையே வழிகாட்டியாகக் கொண்டனர். செங்கல் முகப்பு உரிக்கப்பட்டது. இறைச்சிக்கடைத் திறப்பு மறைந்தது. அழிந்துபோன கூரைச் சாளரங்களும் வாயின்முகப்பும் படத்திற் கண்டவாறே மீண்டும் எழுந்தன. 1864ஆம் ஆண்டு முந்நூறாவது பிறந்தநாளுக்குள் பணி முற்றியது. எஞ்சியிருந்த பழைய மரத்தைக் கூடியவரை காத்தனர் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் நம் பாடநூற் படத்திலே உள்ள முகப்பு, 1564இலே ஒரு குழந்தை கண்ட முகப்பு என்று யாரும் சத்தியஞ் செய்யவியலாது. அது 1769இன் ஓவியத்தைப் பார்த்து 1860ஆம் ஆண்டளவிற் கட்டிய முகப்பு. உள்ளே 16ஆம் நூற்றாண்டின் எலும்பு. திருத்தியோர் பிழை செய்தனர் என்று யான் கருதவில்லை. செய்யாது விட்டிருப்பின் இன்று ஒன்றும் இராது. எனினும் இறைச்சிக்கடையும் விடுதியும் அவ்வீட்டின் உண்மை வரலாறே. இருநூறு ஆண்டுகளை உரித்தெறிந்து ஓராண்டை மாத்திரம் நிறுத்திவைப்பது வரலாற்றைக் காப்பதாகுமோ என்பது ஆராயத்தக்கது.

1891இலே பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வீடு அறங்காவலர் குழுவொன்றின் பொறுப்பாயிற்று. என் மாணவனிடம் நான் எடுத்துக் காட்டிய சட்டம் இதுவே. அதே ஆண்டிலேதான், அவ்வீட்டின் காப்பாளர் தம் பதவியைத் துறந்து போனார்.

அவர் பெயர் ஜோசப் ஸ்கிப்சி. 1832இலே வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கக் குடியிலே பிறந்தவர். தொழிலாளர் கிளர்ச்சியிலே தந்தை சுடப்பட்டு மாண்டபோது அவர் கைக்குழந்தை. ஏழு வயதிலே சுரங்கத்துள் இறக்கப்பட்டு, காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலையில் அமர்த்தப்பட்டார். பிறர் இரங்கிக் கொடுத்த மெழுகுதிரித் துண்டின் வெளிச்சத்திலே, அக்கதவின் மீது சுண்ணக்கட்டியால் எழுதித் தாமே எழுத்துக் கற்றார். விவிலியமும் பின் சேக்ஸ்பியரும் பயின்று, தாமும் கவிதை எழுதி நூல்கள் வெளியிட்டார். தெனிசன், பிறவுணிங் முதலிய பெருங்கவிஞர் பரிந்துரைக்க, 1889இலே அவரும் மனைவியாரும் ஹென்லி வீதி வீட்டின் காப்பாளராயினர். இத்தகைய ஒருவருக்கு இதனினுஞ் சிறந்த பேறு வேறென்ன வேண்டும் என்றே எவரும் எண்ணுவர்.

இரண்டரை ஆண்டுக்குள் அவர் விலகினார். காரணத்தை அப்போது வெளியிடவில்லை; இறந்தபின் வெளியான கடிதமொன்றினாலே உலகம் அறிந்தது. நாடோறும் வருவோர்க்குக் காட்ட வேண்டிய நினைவுப் பொருள்களின் உண்மையிலே அவருக்கு நம்பிக்கை தேய்ந்துவிட்டது. ஆராய ஆராய ஐயமே வளர்ந்தது. நம்பாததை நம்புவார்போல் எடுத்துரைப்பது அவருக்குத் தாங்கவொண்ணாததாயிற்று. கவிஞர்பால் அவர் கொண்ட அன்பு குறைந்ததன்று. அவ்வன்பே அவரை அங்கே நிற்கவொட்டாது செய்தது. உறுதியான வருவாயும் உறைவிடமும் விட்டு, முதிய வயதிலே மீண்டும் வறுமைக்குத் திரும்பினார். இச்செய்தியைச் செவியுற்ற ஹென்றி ஜேம்ஸ் 'பிறந்த இடம்' என்னும் பொருள்படும் தலைப்பிலே ஒரு கதை எழுதி 1903இல் வெளியிட்டார். அக்கதையின் காப்பாளனும் ஐயுறுகின்றான், மேலதிகாரி எச்சரிக்கின்றார், பின்னர் அவன் கட்டுக்கதைகளை அளவின்றிப் புனைந்துரைக்கத் தொடங்க, கூட்டம் பெருகி அவன் சம்பளம் இரட்டிக்கின்றது. கதை அவ்வாறு முடிகின்றது. ஸ்கிப்சியின் வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. அவரைப் பற்றிப் படித்த அன்றிரவு, வகுப்பிலே நான் கூறிய விடையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன்.

பொருள்களைக் கொண்டே கவிஞரை அறியவேண்டும் என்பதில்லை. நம் ஈழத்து விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி'யை ஆக்கி 1926இலே வெளியிட்டார். அதற்கு அந்த நாற்காலியும் வாளும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இன்று அவ்வீட்டுத் தோட்டத்திலே, நாடகங்களிற் கூறப்படும் செடிகொடிகளிடையே, தாகூரின் மார்பளவுச் சிலை நிற்கின்றது. இந்தியாவின் கொடையாக 1990களிலே வைக்கப்பட்டது. அந்த அறையின் பழைய சாளரம் இப்பொழுது சுவரிலில்லை. வோல்ற்றர் ஸ்கொற், கார்லைல், நடிகை எலன் ரெறி முதலியோர் கண்ணாடியிலே கீறிவைத்த பெயர்களோடு அது கழற்றப்பட்டுக் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. அவர்கள் அங்கே வந்தனர் என்பதற்கு அந்தக் கீறல்களே சான்று.

இத்தவணைத் தொடக்கத்திலே அந்த மாணவனை அழைத்து, அன்று நான் கூறியது விடையன்று என்று சொல்லி, குப்பைமேட்டுத் தண்டம் முதல் பாட்ஜருக்கு விற்ற நிலத்துண்டு வரை உள்ள சான்றுகளைக் கரும்பலகையிலே ஆண்டு முறைப்படி எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, 1556க்கும் 1575க்கும் இடையிலே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டமிட்டு, "அப்படியானால் இந்த இடைவெளியிலே அவர்கள் எந்த வீட்டில் இருந்தார்கள், ஐயா?" என்று கேட்டான்.